வானத்தில் நான் வரைந்த வால்

எங்கள் வீட்டில் இட்லி வேகிற நேரத்தில் சிலி நாட்டில் இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். அங்கே ஒரு மலையுச்சியில் நிற்கும் பெரிய தொலைநோக்கியில் மணிக்கணக்கில் வாடகைக்கு நேரம் எடுக்கலாம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எடுத்தோம். அது எடுத்த படங்கள் மாலைக்குள் தஞ்சாவூரில் என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் கறுப்பாக இருக்கும். நான்கைந்து வெள்ளைப் புள்ளிகளைத் தவிர எதுவும் தெரியாது. ஐம்பது அறுபது கறுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்து, பின்னணியில் படிந்திருக்கும் நிலா வெளிச்சத்தைக் கழித்து, மிச்சத்தை மெல்ல மெல்ல வெளிச்சத்துக்கு இழுத்தால்தான் உள்ளே இருப்பது மேலே வரும். இந்த வேலைக்கு இரவில் கண்விழிக்க வேண்டியதில்லை. மின்விசிறியும் பொறுமையும் போதும்.

சொந்தத் தொலைநோக்கி வாங்கி மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தவன்தான் நானும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மேகம். தை அறுவடை முடிந்தால் வைக்கோல் எரிக்கும் புகை. மற்ற மாதங்களில் புறவழிச்சாலை விளக்குகள். ஒரு வருடத்தில் அதை விற்றுவிட்டேன்.

எங்கள் மூவரில் ஒருவர் ஹூஸ்டனில் இருந்தார். திருவிடைமருதூர்ப் பக்கத்துக்காரர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் படித்தவர்களை விமானம் விமானமாக ஏற்றிய காலத்தில் போனவர். தொலைநோக்கி நேரத்தில் பெரும்பங்கை அவர்தான் எடுத்தார்; எதைப் படம் எடுப்பது என்பதிலும் அவர் சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை இருந்தது. இன்னொருவர் தரங்கம்பாடியில் இருந்த இயற்பியல் ஆசிரியை, ஓய்வு பெற்றவர். லுத்தரன் திருச்சபைக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் போனை எடுப்பார். அவரை நாங்கள் டீச்சர் என்றோம். மூன்றாவது ஆள் நான். ஒரு நாளிதழின் தஞ்சாவூர்ப் பதிப்பில் முப்பது வருடம் போட்டோ பகுதியைப் பார்த்தவன். ஞாயிறு இணைப்பில் வானம் பற்றி நான் எழுதிய சின்னக் குறிப்புகளைப் படித்துத்தான் மற்ற இருவரும் என்னைத் தேடி வந்தார்கள்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம். மூலக் கோப்புகள் என்னிடம் வரும். அடுக்குவதும் துடைப்பதும் என் பொறுப்பு. சுத்தமான படத்தை இருவருக்கும் அனுப்புவேன். அவர்கள் அதன்மேல் நிறம் கூட்டிக் குறைத்துத் தங்கள் படத்தைச் செய்துகொள்வார்கள். மூலக் கோப்புகளை அவர்கள் கேட்டதில்லை. "உங்க கண்ணு பேப்பர் கண்ணு சார், தூசி தும்பு தப்பாது" என்று டீச்சர் ஒருமுறை சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. அது பிடித்திருந்ததை இப்போது நினைத்தால் நாக்கில் கசப்பு தட்டுகிறது.

பேப்பர் கண் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நியூஸ்பிரிண்ட் காகிதத்தில் மங்கலான சாம்பல் நிறம் அழுக்காகத்தான் அச்சாகும். மேடையில் பேசுகிறவருக்குப் பின்னால் ஒரு நிழல் தெரிந்தால், மறுநாள் அவர் தலைக்குப் பின்னால் கரி பூசியது போல இருக்கும். அதனால் பின்னணியை வெளுக்க வேண்டும். முதலில் தூரிகையும் வெள்ளை மையும் வைத்துச் செய்தோம். கம்ப்யூட்டர் வந்த பிறகு மவுஸை வைத்துச் செய்தோம். மங்கலாக எதைக் கண்டாலும் அழுக்கு என்று என் விரல் முடிவு செய்துவிடும். என்னிடம் கேட்பதில்லை.

வெளுப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வருடம் மேட்டூர் திறக்கவில்லை. ஆடிப்பெருக்கு அன்று காவிரி முழுக்க மணல். படித்துறையில் பெண்கள் ஆழ்துளைக் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து தலையில் ஊற்றிக்கொண்டார்கள். எங்கள் போட்டோகிராபர் அதை அப்படியே எடுத்து வந்தார். நல்ல படம். செய்தி ஆசிரியர் பார்த்துவிட்டு, நல்ல நாளில் வாசகன் முகத்தில் மணலை அள்ளிப் போடாதே என்றார். பழைய கோப்பிலிருந்து தண்ணீர் ததும்பும் படம் ஒன்றை எடுத்து, ஓரத்தில் தெரிந்த பழைய விளம்பரத் தட்டியை அழித்துவிட்டுப் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் சைக்கிளில் அலுவலகத்துக்கு வந்தார். படத்தில் முன்னால் நின்று விளக்கு விடுகிற பெண் தன் மனைவி என்றார். தை மாதம் இறந்துவிட்டாராம். சண்டை போட வரவில்லை. படத்தின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தார். கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடைத் திட்டாகவாவது எடுத்துக்கொண்டிருக்கலாம். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டது நினைவிருக்கிறது.

வானத்துக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே செய்தி ஆசிரியர் இல்லை, யாரையும் குளிர்விக்க வேண்டியதில்லை, வந்து விழுந்த வெளிச்சம்தான் கணக்கு என்று நம்பினேன்.

அந்த வருடம் நாங்கள் எடுத்தது தெற்கு வானத்தில் ஒரு விண்மீன் திரள். கேலக்ஸி என்றே எங்களுக்குள் சொல்வோம். நான் துடைத்து அனுப்பிய படத்தில் கருவிழி போன்ற நடுப்பகுதியும் சுற்றி இரண்டு சுருள் கைகளும் துல்லியமாக இருந்தன. இந்தக் கேலக்ஸிக்கு ஒரு வால் உண்டு என்று டீச்சர் படித்திருந்தார். பக்கத்தில் இருந்த சின்னக் கேலக்ஸி ஒன்றை இது விழுங்கியபோது இழுபட்டுச் சிதறிய விண்மீன்கள்தான் அந்த வால். மிகவும் மங்கலானது. எங்கள் படத்தில் அது இல்லை. நாம் எடுத்த நேரம் போதாது, அவ்வளவு ஆழம் வராது என்று டீச்சர் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஹூஸ்டன்காரர் தான் படித்த தஞ்சாவூர்க் கல்லூரியில் பழைய மாணவர்கள் சார்பில் ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தார். எங்கள் படங்களைப் பெரிதாக அச்சிட்டு மாட்டுவார்கள். நடுவில் இந்தக் கேலக்ஸி. அதன் முன்னால் நின்று டீச்சர் அரை மணி நேரம் பேசுவார். பள்ளிக்கு வெளியே அவர் மேடையேறிப் பேசுவது அதுதான் முதல் தடவை. சொல்வது ஒவ்வொன்றும் சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு மாதமாகத் தயார் செய்துகொண்டிருந்தார்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் காலை ஹூஸ்டன்காரர் கூப்பிட்டார். வேறொரு நாட்டுக் குழு அதே கேலக்ஸியைப் படமாக வெளியிட்டிருந்தது. என் போனுக்கு அதை அனுப்பியிருந்தார்.

"அண்ணே, அவங்க படத்துல வால் இருக்கு. நம்ம படத்துல எங்க?"

ஆழம் போதவில்லை என்று டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

"அதே தொலைநோக்கிண்ணே. நம்மள விடக் கொறைச்ச நேரம்தான் எடுத்திருக்கானுவ."

திரும்பச் செய்து பார்க்க வேண்டும், என் கம்ப்யூட்டருக்கு அதற்கு இரண்டு மூன்று நாளாவது ஆகும் என்றேன்.

"நாளைக்கு பிரிண்டுண்ணே. இல்லாததையா வரையச் சொல்றேன்? வானத்துல இருக்கிறதைத்தானே போடப் போறீங்க. உங்களுக்கு இதெல்லாம் எடது கையாலயே வந்துடுமே."

அவர் சொன்னதிலேயே விடை இருந்தது. அதே தொலைநோக்கி, அதைவிட அதிக நேரம் என்றால் வால் எங்கள் கோப்புகளிலும் இருந்தாக வேண்டும். படத்தில் இல்லை என்றால் யாரோ துடைத்திருக்க வேண்டும். துடைத்தவன் ஒருவன்தான். இது எனக்கு அந்த நிமிடமே தெரியும். மூலக் கோப்புகளைத் திறந்தால் உறுதியாகிவிடும் என்பதும் தெரியும். அதனால்தான் திறக்கவில்லை. அவசரம் என்பது சாக்கு.

வரைய நாற்பது நிமிடம் ஆனது. போனில் இருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மென்மையான தூரிகையில் சாம்பலும் லேசான மஞ்சளும் எடுத்து, கேலக்ஸியின் ஓரத்திலிருந்து ஒரு வளைவை இழுத்தேன். அவர்கள் படத்தில் வால் நடுவில் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அச்சில் விட்டுப்போன கோடு பிழை மாதிரி இருக்கும் என்று அதை நிரப்பினேன். நுனியை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். வெறும் பூச்சாகத் தெரியக்கூடாது என்று மேலே மணல் தூவியது போலப் புள்ளிகள் போட்டேன். கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தபோது அழகாக இருக்கிறது என்றே நினைத்தேன். என்னைப் பற்றி எனக்கு மிகவும் அருவருப்பான நினைவு அதுதான். பொய் செய்ததைவிட, செய்து முடித்ததும் வந்த அந்தத் திருப்தி.

என் மனைவி காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். முந்தின நாள் வரை அங்கே வால் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"என்ன, ஆத்துல தண்ணி விட்டாச்சா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

மாலையில் படத்தை இருவருக்கும் அனுப்பினேன். ஹூஸ்டன்காரர் கைதட்டும் படங்கள் வரிசையாக அனுப்பினார். டீச்சர் கூப்பிட்டார்.

"சார், வால் வந்துடுச்சே. எப்படி சார்?"

"பின்னணி கழிச்சதுல கொஞ்சம் கூடப் போயிருந்துச்சு டீச்சர். திரும்பப் பண்ணேன்."

வாய்க்கு வந்த பொய் அது. அதில் முதல் வாக்கியம் அப்படியே உண்மை என்பது பிறகுதான் உறுதியானது. டீச்சர் நன்றி சொன்னார். தன் பேச்சை மாற்றி எழுதப்போவதாகச் சொன்னார். ஒரு கேலக்ஸி இன்னொன்றைத் தின்றதற்கு நம் கையிலேயே சாட்சி இருக்கிறது, அதை நடுவில் வைத்துப் பேசப் போகிறேன் என்றார்.

மறுநாள் பிளக்ஸ் கடைக்குப் போனேன். மை நாற்றத்தில் கண் எரிந்தது. சுவர் நெடுக மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிப் பிறந்தநாள். எல்லா முகங்களும் ஒரே அளவு வெளுப்பு. கடைக்காரர் என் படத்தைத் திரையில் திறந்ததும், என்னைக் கேட்காமலேயே நீலத்தை ஏற்றினார். நிறுத்தச் சொன்னேன். நட்சத்திரத்தை எல்லாம் கொஞ்சம் பெருசாக்கித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கோபமாகச் சொன்னேன். சொல்லும்போதே அந்தக் கோபம் எனக்கே கூசியது. அவர் நீலத்தை மட்டும் ஏற்றினார். நான் ஒரு கேலக்ஸிக்கு வால் வைத்திருந்தேன்.

கண்காட்சி அன்று டீச்சர் முதல் பஸ்ஸைப் பிடித்து, மாயவரத்தில் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட்டார். அரங்கில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நேராகப் படத்திடம் போனார். கைப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, நான் முதலில் அனுப்பியிருந்த வாலில்லாத படத்தைத் திறந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க அல்ல. மேடையில் எங்கே கை காட்டுவது என்று பழகிக்கொள்ளத்தான். வாலின் ஓரத்தில் இருக்கும் நட்சத்திரங்களை அடையாளமாக வைத்துக்கொள்ள நினைத்திருக்கிறார்.

நான் பக்கத்தில் போனபோது அவர் விரல் பிளக்ஸின்மேல் இருந்தது.

"சார், இங்க ஏழு நட்சத்திரம் இருந்துச்சு. எங்க?"

வால் என்பது புகை மாதிரி. அதற்கு முன்னால் நிற்கும் நட்சத்திரங்கள் அதன் வழியாகவே தெரியும். நான் பூசியதில் அவை அடியில் போயிருந்தன. மேலே நான் தூவிய புள்ளிகள் எந்த வானத்திலும் இல்லாதவை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வரைஞ்சீங்களா?"

"ஆமா டீச்சர்."

"என்கிட்ட திரும்பப் பண்ணேன்னு சொன்னீங்க."

நான் பிளக்ஸில் அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன்.

"என் பேச்சு எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணுக்கு."

"நேரம் இருக்கு" என்றார். பின்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுதி வைத்திருந்த தாள்களை மடியில் வைத்து, வரி வரியாக அடித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் அப்புறம் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பேச்சில் கேலக்ஸி என்றால் என்ன, அது எவ்வளவு தூரம், படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று இருபது நிமிடம் சொன்னார். கடைசியில் வாலைக் காட்டினார்.

"இந்த வால் வானத்துல நிஜமா இருக்கு. ஆனா இந்தப் படத்துல இருக்கிறது எங்க குழுவுல கையால வரைஞ்சது. இதைப் பார்த்து யாரும் எதையும் முடிவு பண்ணாதீங்க. தப்பு எங்களோடது."

எங்களோடது என்றார். என் பக்கம் கை நீட்டவில்லை.

நான் தலையைக் குனிந்திருந்தேன். அரங்கம் கை தட்டியது. அடுத்துப் பேசிய சிறப்பு விருந்தினர், இவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு இவ்வளவு அடக்கமாகப் பேசுவது நம் மண்ணுக்கே உரிய பண்பு என்றார். கையால் வரைந்தது என்றால் அந்தக் கைக்கு ஒரு தனிப் பாராட்டு என்றார். அதற்கும் கை தட்டினார்கள். பிறகு வரிசையில் நின்று படத்துக்கு முன்னால் செல்பி எடுத்துக்கொண்டார்கள். வால் தோளுக்கு மேல் வரும்படி நகர்ந்து நின்றார்கள். ஒருவராவது முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். நான் பிடிபட்டதை யாரும் கவனிக்கவில்லை. முப்பது வருடம் நான் யாருக்காகப் படம் போட்டேன் என்பது அன்று நேரில் தெரிந்தது. இவர்களை இப்படிப் பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு என்பதும் தெரிந்ததால், அவர்களைத் திட்டவும் முடியவில்லை.

ஹூஸ்டன்காரர் சாயங்காலம் கூப்பிட்டார். டீச்சருக்கு என்ன வந்தது, யாருக்குத் தெரியப் போகிறது, நல்ல நாளில் நாமே நம் மேல் சேற்றை வாரி இறைத்துக்கொள்வதா என்று கேட்டார். நல்ல நாள் என்ற சொல்லைக் கேட்டதும் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். ஊரில் தங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் வருகிறது, வரவேற்புத் தட்டிக்கு இந்தப் படத்தையே பின்னணியாகப் போடப் போகிறேன் என்றார். போட்டார். கும்பகோணம் சாலையில் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். அவர் குடும்பத்தினர் கைகூப்பி நிற்க, வால் அவருடைய மைத்துனர் காதிலிருந்து புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிளக்ஸ் கடைக்காரர் கோப்பை அழிக்கவில்லை போலிருக்கிறது. அடுத்த மாதம் ஒரு காதுகுத்துத் தட்டியிலும் அதே வானம், இன்னும் கொஞ்சம் நீலமாக.

டீச்சர் பத்து நாள் பேசவில்லை. பிறகு ஒரு வரி அனுப்பினார். எல்லா மூலக் கோப்புகளும் வேண்டும், இந்தக் கேலக்ஸிக்கு மட்டுமல்ல, நாம் எடுத்தது மொத்தமும். ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கூரியரில் அனுப்பினேன்.

ஒரு ஞாயிறு மதியம் முதல் படம் வந்தது. வால் இருந்தது. நான் வரைந்ததைவிட மங்கல், குட்டை, நடுவில் இடைவெளியோடு. அந்த இடைவெளியில் ஏழில் இரண்டு நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. கூடவே இன்னொரு படமும் அனுப்பியிருந்தார். பின்னணியைக் கழிக்க, வெறும் வானம் என்று நாமே சில இடங்களைப் புள்ளி வைத்து மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். அங்கே இருக்கும் வெளிச்சத்தை அது அழுக்கு என்று எடுத்துக்கொண்டு படம் முழுவதிலிருந்தும் கழிக்கும். நான் வைத்த புள்ளிகளில் மூன்று வாலின்மேல் இருந்தன. மூன்றையும் அவர் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். மதிப்பெண் மட்டும் போடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து ஒரு படம் வரும். இரண்டாவதில் ஒளிரும் வாயு மேகம் ஒன்றைச் சுற்றி மெல்லிய வளையம். மூன்றாவதில் மூலையில் ஒரு தூசி மேகம். நான்காவதில் நகம் அளவு ஒரு பூச்சு, பக்கத்துக் கேலக்ஸி ஒன்று. அத்தனையும் நான் அழுக்கு என்று எடுத்தவை. பாராட்டு வாங்கிய படங்கள், எல்லாமே சுத்தமானவை. திறக்க மனம் வராது. ஆனாலும் ஞாயிறு மதியம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஐந்தாவது ஞாயிறு வந்தது படமல்ல. "இதுல ஒண்ணும் போகல சார். சரியாத்தான் பண்ணியிருக்கீங்க" என்று எழுதியிருந்தார். அதை என்னால் நம்ப முடியவில்லை. அன்றுதான் முதல் முறையாக, யாரும் கேட்காமல், என் பழைய மூலக் கோப்பு ஒன்றைத் திறந்து நான் வைத்த புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

ஹூஸ்டன்காரர் தன் பங்கை வேறு குழுவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் மட்டும் எடுக்கிறோம். முதல் சுத்தம் இப்போது டீச்சருடைய வேலை. போன மாதம் ஒரு படம் அனுப்பினார், மூலக் கோப்புகள் அறுபதையும் சேர்த்து.

"இவ்வளவும் எதுக்கு டீச்சர்? நீங்க பண்ணா நம்பி வாங்கிக்கிறேன்" என்று எழுதினேன்.

"வேணாம் சார். நான் எங்க புள்ளி வச்சிருக்கேன்னு தெறந்து பாருங்க" என்று பதில் வந்தது.

முதல் கோப்பைத் திறந்தேன். கறுப்பாக இருந்தது.